எலும்பு முறிந்த பிறகு

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னை போனில் கூப்பிட்டு, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும், உன் தொழில் சம்பந்தமா ஏதாவது சொல்லு" என்றார். என் தொழில் ஒரு வால்வு தயாரிக்கும் கம்பெனியில் மெயின்டனன்ஸ். அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால் பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போய்விடுவீர்கள். அதனால் எலும்பைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நீ மெக்கானிக்கல்தானே படிச்சே?" என்றார்.

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிந்து படுத்தவன், முறிந்தவர்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அவ்வளவுதான். எங்கள் 2010 பேட்ச் மெக்கானிக்கல் வகுப்பில் 58 பேர். அதில் எனக்குத் தெரிந்து ஆறு பேர் காலிலோ கையிலோ ராடு, பிளேட்டு இருக்கிறது. ஆறு பேரும் டூ வீலர். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் இல்லை.

இரண்டாம் ஆண்டில் எஸ்.ஓ.எம். வகுப்பு உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். நம் சார் ஒரு முழு சாக்பீஸை எடுத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, "இதை முறுக்கினா எப்படிடா உடையும்?" என்று கேட்டார். நேரா உடையும் சார் என்றோம். அவர் முறுக்கினார். உடைந்த இடம் நேராக இல்லை; மாடிப்படி சுற்றி ஏறுகிற மாதிரி 45 டிகிரியில் சுருண்டு உடைந்திருந்தது. மைல்ட் ஸ்டீலை முறுக்கினால் குறுக்கே நேராக அறும். சாக்பீஸ் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. முறுக்கும்போது அதிக இழுவிசை 45 டிகிரியில் வருகிறது, அதனால் அங்கே பிளக்கிறது. அன்றைக்கு இதைப் பரீட்சைக்காக எழுதி வைத்துக்கொண்டேன். ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது சாருடைய சாக்பீஸ் அப்படியே தெரிந்தது. அது என் வலது முழங்கால் எலும்பு, அதாவது முட்டிக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பு.

எலும்பு லேசான பொருள் இல்லை. நாம் வீட்டுக்குப் போடுகிற எம்25 கான்கிரீட்டின் அமுக்க வலிமை 25 மெகாபாஸ்கல். நீளவாக்கில் அமுக்கும்போது நம் கால் எலும்பின் கெட்டியான ஓடு அதைப் போல பல மடங்கு தாங்கும். உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம், அதில் மஜ்ஜை. குறைந்த எடையில் அதிக பலம் வேண்டுமானால் குழாயாகச் செய் என்று நாம் படித்ததைக் கடவுளோ இயற்கையோ முன்பே செய்து வைத்திருக்கிறது. ஆனால் சாக்பீஸ் போலவே எலும்புக்கும் இழுவையிலும் முறுக்கிலும் பலம் குறைவு. லாரி ஏறித்தான் எலும்பு உடைய வேண்டும் என்பதில்லை. பாதம் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு உடம்பு திரும்பினால் போதும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. 2016 டிசம்பர், லேசான தூறல், ஷிப்ட் முடிந்து திரும்புகிறேன். இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தது. வண்டி சரிந்தது, பாதம் சைலன்சருக்கு அடியில் மாட்டிக்கொண்டது, நான் மட்டும் சுற்றி விழுந்தேன். "டப்" என்று ஒரு சத்தம். அது எலும்பு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நாலு பேர் ஓடி வந்தார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் நல்ல காலைப் பிடித்தார், இன்னொருவர் உடைந்த காலை முட்டிக்கு மேலே பிடித்துத் தூக்கினார். கீழே பாதம் தொங்கிக்கொண்டு ஆடியது. முழங்காலின் முன்பக்கம் எலும்புக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே தோல் மட்டும்தான் இருக்கிறது, சதை கிடையாது. தடவிப் பாருங்கள் தெரியும். சுருண்டு உடைந்த எலும்பின் முனை உளி மாதிரி கூர்மையாக இருக்கும். அது தோலை உள்ளிருந்து குத்தித் தள்ளுவதை நான் கண்ணால் பார்த்தேன். கிழிக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்தால் அது வேறு வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் உள்ள கிருமி எல்லாம் உள்ளே போகும். கழுவுவதும் ஆன்டிபயாடிக் கொடுப்பதும் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது. சில சமயம் காலைக் காப்பாற்றுவதா எடுப்பதா என்ற கேள்வியே வந்துவிடும். இதற்கென்றே கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றும் எவ்வளவு சேதம் என்று மார்க் போட்டு, காலைக் காப்பாற்ற முடியுமா என்று முடிவு செய்ய அது உதவுகிறது. நம் ஊர் விஷயம் என்பதால் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் பக்கத்துப் பஞ்சர் கடைப் பெரியவர் ஒருவர் வந்தார். "எல்லாரும் விடுங்கப்பா, கீழ வைங்க" என்று ஒரு அதட்டல் போட்டார். கடையிலிருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தொட்டில் மாதிரி மடித்து, தொடையிலிருந்து பாதம் வரை வருகிற மாதிரி வைத்து, தன் தோள் துண்டாலும் பழைய வேட்டிக் கிழிசலாலும் நாலு இடத்தில் கட்டினார். உடைந்த இடத்துக்கு நேரே கட்டவில்லை. இழுத்து நேராக்கவும் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, கட்டுக்கு அடியில் தன் விரலை நுழைத்துப் பார்த்தார். பிறகு, "தம்பி, கால் விரலை ஆட்டு பாப்போம். நான் தொடறது தெரியுதா?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

2013-ல் என் அக்கா மகனுக்கு ஏழு வயது. கொய்யா மரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்துவிட்டான். முழங்கை பொதபொதவென்று வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மச்சான் வெளியூரில் இருந்தார். வீட்டில் பெரியவர்கள், "ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபரேஷன்னுதான் சொல்வான், கட்டுப் போடுற வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீ படிச்சவன், நீ சொல்லுடா" என்றாள். நான் வண்டியை எடுத்தேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போகலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எந்த ஊர், எந்த வைத்தியர் என்பது வேண்டாம். அவர் மேல் பழி போட நான் இங்கே நிற்கவில்லை.

இழுத்துவிட்டார், முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசினார், மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார். "மூணு நாள் அவிழ்க்கக் கூடாது" என்றார். ராத்திரி முழுக்கப் பையன் கத்தினான். பாட்டி, "எலும்பு கூடும்போது வலிக்கத்தான் செய்யும்" என்றாள். காலையில் விரல்கள் வீங்கி, வெளிறி, தொட்டால் சில்லென்று இருந்தன. ஒரு விரலை நான் மெல்ல நீட்டிப் பார்த்தேன். உயிர் போகிற மாதிரி அலறினான். அக்கா, "அவிழ்த்துடலாமாடா?" என்று கேட்டாள். "மூணு நாள்னு சொல்லியிருக்காரே, அவிழ்த்தா எலும்பு கோணிக்கும்" என்று பதில் சொன்னது நான். மறுநாள் பையன் அழுகையை நிறுத்திவிட்டான். வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். உணர்ச்சி போனதால்தான் வலி போயிற்று என்பது மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித் தெரிந்தது.

நடந்தது இதுதான். முன்கையில் தசைகள் கட்டுக்கட்டாக, விரியாத ஒரு உறைக்குள் இருக்கின்றன. அடிபட்டால் உள்ளே ரத்தமும் நீரும் சேரும். உறை விரியாது. வெளியே தப்பை வேறு இறுக்குகிறது. மூடிய பாத்திரத்தில் பிரஷர் ஏறுகிற அதே கணக்கு. அந்த உள் அழுத்தம் ஏறி, நம் கீழ் ரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 30 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் அபாயம் என்கிறார்கள். நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் நின்றுபோகும். மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டுகூட இருக்கலாம், அதை நம்பக் கூடாது. ஆறு மணி நேரம் போனால் தசை திரும்ப முடியாத சேதத்துக்குப் போய்விடுகிறது. செத்த தசை பிறகு நாராகச் சுருங்கி விரல்களை இழுத்துக்கொள்கிறது. இறுகிய கட்டால் இப்படிக் கை சுருங்கிப்போவதை 1881-லேயே வோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். அவர் பெயரால்தான் இன்றும் இதை அழைக்கிறார்கள். எத்தனையோ வருஷத்துக்கு முன் எழுதி வைத்த விஷயம், டிகிரி வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

பையனுக்கு அப்புறம் இரண்டு ஆபரேஷன், வருஷக்கணக்கில் பிசியோதெரபி. இப்போது கல்லூரியில் படிக்கிறான். இடது கையால் எழுதுகிறான். வலது கையில் மணிக்கட்டை மடக்கினால்தான் விரல் நீளும். மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். அக்கா ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே பேசப்போகிறேன் என்று அவனிடம் கேட்டேன். "சொல்லுங்க மாமா, ஆனா பேர் வேண்டாம்" என்றான்.

நண்பர்களே, ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டிலும் இது நடக்கலாம். கட்டு யார் போட்டாலும் சரி. வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை மற்றவர் நீட்டிவிடும்போது தாங்க முடியாத வலி வந்தால், மரத்துப்போனால், வெளிறினால், விரலை ஆட்ட முடியாவிட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கட்டைப் பிளந்துவிட்டால் எலும்பு கொஞ்சம் நகரலாம். அதைப் பிறகு சரிசெய்து கொள்ளலாம். செத்த தசையை யாரும் சரிசெய்ய முடியாது.

நாட்டுக் கட்டில் குணமானவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். காரணம், பல முறிவுகள் ஆட்டாமல் வைத்திருந்தாலே கூடிவிடும். காறை எலும்பு முறிவில் பெரும்பாலானவற்றுக்குக் கையைத் தூளியில் போட்டாலே போதும். ஆனால் எது தானாகக் கூடும், எது மூட்டுக்குள் போயிருக்கிறது, எது ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை எக்ஸ்ரே இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. குழந்தையின் முழங்கைக்கு மேலே முறிந்தால் கையின் பிரதான ரத்தக் குழாய் அங்கேதான் ஓடுகிறது. அந்த ஒரு இடத்தில் மட்டுமாவது தயவுசெய்து விஷப்பரீட்சை வேண்டாம்.

சரி, என் காலுக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் கட்டிய அட்டையோடு 108-ல் போனேன். அப்போதெல்லாம் விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்கள் என்று ஜனங்களுக்குப் பயம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லவும் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ரோட்டில் நிற்கும்போது இது ஞாபகம் வந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "பாதம் மாட்டிக்கிட்டு சுத்தி விழுந்தீங்களா?" என்றார். நான் அசந்துவிட்டேன். பிறகு நினைத்தால் ஆச்சரியமே இல்லை. சுருண்டு உடைந்தால் முறுக்கு, குறுக்கே உடைந்து ஒரு பக்கம் ஆப்பு மாதிரித் துண்டு இருந்தால் வளைவு. நாமும் உடைந்த ஷாஃப்டைப் பார்த்து இப்படித்தானே சொல்கிறோம்.

மாவுக்கட்டு, பிளேட்டு, ராடு என்று மூன்று வழி சொன்னார். மாவுக்கட்டு போட்டால் கத்தி வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் முட்டியும் கணுக்காலும் அசையாமல் கிடக்க வேண்டும், கால் சுருங்கிக் குட்டையாகவும் வாய்ப்பு உண்டு. பிளேட்டு எலும்பின் ஓரத்தில் உட்காருகிறது. ராடு எலும்பின் நடுக்குழாயில், அச்சிலேயே உட்காருகிறது. "நீங்க இன்ஜினியர்தானே, எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தார். ஓரத்தில் இருக்கிற பொருளுக்கு வளைவு அதிகம், நடு அச்சில் இருப்பதற்குக் குறைவு. ராடு என்றேன். மேலேயும் கீழேயும் குறுக்கே ஸ்க்ரூ போட்டால் கால் திரும்பவும் செய்யாது, குட்டையாகவும் ஆகாது. ஜெர்மனியில் கூன்ட்ஷர் என்பவர் 1940-ல் இந்த முறையை மருத்துவர்கள் மாநாட்டில் சொன்னபோது, மஜ்ஜைக்குள் இரும்பை அடிப்பதா என்று பலர் ஏற்கவில்லையாம். இன்றைக்கு நீளமான எலும்பின் நடுவில் முறிந்தால் முதலில் யோசிப்பதே இதைத்தான். மூட்டுக்குப் பக்கத்தில் முறிந்தால் பிளேட்டு பொருத்தமாக இருக்கும். ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பிளேட்டு, எனக்கு ஏன் ராடு என்று சண்டை போட வேண்டாம்.

முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். வலி இல்லை, ஆனால் காது கேட்கும். ரீமர் ஓடுகிற சத்தம், சுத்தியல் அடிக்கிற சத்தம், "நாலரை எம்.எம். ட்ரில் குடு" என்று ஒரு குரல். கண்ணை மூடினால் நம் மெஷின் ஷாப்தான்.

இதற்கப்புறம்தான் நான் முட்டாள்தனம் செய்தேன். டைட்டானியம் அலாய் ராடு. அதன் பலம் எனக்கு மனப்பாடம். எலும்பு முறிவையே தாண்டி ராடு தாங்கும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதத்தில் ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் ஷிப்டுக்குப் போய்விட்டேன், படிக்கட்டு ஏறி இறங்கி. டாக்டரிடம் கேட்கவில்லை. ஒரு நாள் கணுக்காலுக்கு மேலே சுருக்கென்றது. எக்ஸ்ரேயில் கீழ் ஸ்க்ரூ இரண்டு துண்டு.

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து முன்னும் பின்னும் வளைத்தார். பத்துப் பதினைந்து தடவையில் உடைந்தது. "இது என்ன?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு ஃபெட்டீக் என்றேன். "ராடு, பிளேட்டு எல்லாம் எலும்பு கூடுற வரைக்கும் முட்டுக் கொடுக்கிற சாரம்தான் தம்பி. கட்டடம் எழும்பாம சாரத்து மேலயே குடித்தனம் பண்ணினா என்ன ஆகும்? எலும்பு முதல்ல கூடுதா, இரும்பு முதல்ல உடையுதான்னு ஒரு ஓட்டப் பந்தயம். நீங்க இரும்பைத் தோக்கடிச்சிட்டீங்க."

எலும்பு எப்படிக் கூடுகிறது என்பதை அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். உடைந்ததும் அங்கே ரத்தம் உறைகிறது. அதுதான் அஸ்திவாரம். அதில் முதலில் மெத்தென்ற சதை, இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு மாதிரி ஒரு பாலம், பிறகு சுண்ணாம்பு ஏறிக் கெட்டியான எலும்பு, அதன் பிறகு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் செதுக்கிச் சீராக்கும் வேலை. கால் எலும்பு நன்றாகக் கூட நாலிலிருந்து ஆறு மாதம் சாதாரணமாக ஆகும். குழந்தைகளுக்குச் சீக்கிரம்.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரர் பெரன் என்பவர் சொன்னது. உடைந்த இடைவெளியில் எவ்வளவு அசைவு இருக்கிறதோ அதைப் பொறுத்து எந்தத் திசு உயிரோடு இருக்க முடியும் என்பது தீர்மானமாகிறது. முதலில் வரும் மெத்தென்ற திசு நூறு சதவீத நீட்சியைத் தாங்கும். குருத்தெலும்பு பத்து சதவீதம். எலும்பு இரண்டே சதவீதம்தான். இடைவெளி ஒரு மில்லிமீட்டர், அசைவு அரை மில்லிமீட்டர் என்றால் ஐம்பது சதவீதம். அங்கே எலும்பு பிறக்க முடியாது. அதனால் உடம்பு முதலில் மெத்தென்றதை வைத்து அசைவைக் குறைக்கிறது, பிறகு குருத்தெலும்பை வைத்து இன்னும் குறைக்கிறது, அப்புறம்தான் எலும்பு. அது மட்டுமா, முறிந்த இடத்தைச் சுற்றிக் குண்டாக ஒரு முண்டு கட்டுகிறதே, ஏன்? வளைவைத் தாங்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. எஸ்.ஓ.எம். பரீட்சையில் நான் கோட்டைவிட்ட ஃபார்முலாவை என் காலே போட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே அசைவு அதிகமானாலும் கூடாது, சுத்தமாக இல்லாமலும் நன்றாகக் கூடாது. பாரம் விழுகிற இடத்தில் எலும்பு வளரும், விழாத இடத்தில் கரையும் என்று வோல்ஃப் என்ற ஜெர்மானியர் 1892-ல் சொன்னார். அதனால்தான் டாக்டர் கால் பாரம், பாதி பாரம், முழுப் பாரம் என்று படிப்படியாக ஊன்றச் சொல்கிறார். அது அவர் மனம் போன போக்கில் சொல்வதில்லை. நானாவது அவசரப்பட்டேன். இதற்கு நேர் எதிராக, பயந்துபோய் ஊன்றச் சொன்ன பிறகும் கட்டிலை விட்டு இறங்காதவர்களும் நம் வீடுகளில் உண்டு. "பச்சை உடம்பு, அசையாதே" என்று பாசத்தில் படுக்க வைத்து முட்டியை மடங்காமல் ஆக்கிவிடுகிறோம்.

கடைசியாக டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "சிகரெட் உண்டா?" டீக்கடையில் நாளைக்கு ஆறு. புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், சிலருக்குக் கூடவே விடாது என்றார். அன்றோடு விட்டேன் என்று சொன்னால் பொய். மூன்று வாரம் ஆயிற்று. ஸ்க்ரூ உடைந்ததில் நல்ல வேளையாகக் கால் கோணவில்லை, மறுபடி ஆபரேஷன் இல்லாமல் தப்பினேன். ஆனால் ஆறு மாதத்தில் கூட வேண்டியது கூடப் பதினோரு மாதம் ஆயிற்று. அந்த அரைத் துண்டு ஸ்க்ரூ இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2019-ல் அம்மா பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றினார்கள். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, கூடிவிட்டது. ஆனால் கையைத் தூளியிலேயே வைத்திருந்ததில் தோள்பட்டை இறுகிவிட்டது. மணிக்கட்டுக்கு ஆறு வாரம், தோளுக்கு ஆறு மாதம். கட்டுக்கு வெளியே உள்ள விரலும் தோளும் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும் என்பதை அப்போது எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்னொன்று, நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெக்ஸா என்று ஒரு ஸ்கேன். அதில் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் மருந்து தேவைப்படும். மணிக்கட்டு முறிவு ஒரு எச்சரிக்கை மணி, அடுத்தது இடுப்பு. இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களைப் படுக்க வைத்துவிட்டால் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். அதனால்தான் எழுபது எண்பது வயதிலும் சீக்கிரம் ஆபரேஷன் செய்து உட்கார வைக்கிறார்கள். "இந்த வயசுல கத்தி வைக்கணுமா?" என்று நாள் கடத்தாதீர்கள். இதையும் மூட்டுத் தேய்மானத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அது மூட்டின் குருத்தெலும்பு தேய்வது, இது எலும்பே மெலிவது. அம்மாவுக்கு மாத்திரையோடு கேழ்வரகு, காலை வெயில், நடை. எல்லாவற்றையும்விட உபயோகமானது பாத்ரூம் சுவரில் நான் அடித்த பிடிக்கம்பி. செலவு ஆயிரம் ரூபாய்க்குள்.

கம்ப்யூட்டர் முன் உட்காருகிற நண்பர்கள் முதுகுவலி பற்றிக் கேட்பீர்கள். பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும், நடமாடிக்கொண்டே இருங்கள். எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்ததும் பயந்துவிட வேண்டாம், வலியே இல்லாத பலருக்கும் அப்படி இருக்கும். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தகுதி இல்லை.

வரும்போதே வாசலில் ஒரு அண்ணன் பிடித்துக்கொண்டார். "ராடை எடுத்துடணுமா, வேண்டாமா?" தொந்தரவு இல்லையென்றால் பெரியவர்களுக்கு எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எடுப்பதும் ஒரு ஆபரேஷன். எடுத்த பிறகு ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கிற எலும்பு கொஞ்ச நாள் பலவீனமாக இருக்கும், ஷாஃப்டில் ஓட்டை போட்டால் அங்கே விரிசல் விடுகிற கதைதான். குழந்தைகளுக்கு வேறு கணக்கு. எனக்கு முட்டி போட்டால் மட்டும் முன்பக்கம் வலிக்கும், அதற்காக எடுக்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் அதில் ஒட்டிய இம்பிளான்ட் ஸ்டிக்கரையும் பத்திரமாக வையுங்கள்; பிற்காலத்தில் வேறு டாக்டர் எடுக்க நேர்ந்தால் எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால்தான் சரியான கருவி கொண்டுவர முடியும். நட்டுக்கு ஏற்ற ஸ்பானர் என்பது நமக்குத் தெரியாதா?

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் எஸ்.ஓ.எம். லேபில் அட்டைப்பெட்டியும் இரண்டு துண்டும் வைத்து, அந்தப் பஞ்சர் கடைப் பெரியவர் எனக்குக் கட்டிய மாதிரியே கட்டிக் காட்டுகிறேன். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சாவி தந்துவிட்டார். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். யாராவது ஒருவர் காலை மட்டும் கடன் கொடுக்க வேண்டும், முழுசாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.